பாக்கெட்டில் சொல்லப்படாத ரசாயனம்: அமெரிக்காவில் இழப்பீடு, இந்தியாவில் தள்ளுபடி ஏன்?

குண்டலுபேட்டை (கர்நாடகா): விற்பனைப் பொருளில் தீங்கான ரசாயனம் இருந்ததை மறைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தால், வாங்கியவர்களுக்குப் பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளும் நிறுவனங்கள் பற்றிய செய்தி அமெரிக்காவிலிருந்து அடிக்கடி வருகிறது. இந்தியாவில் அத்தகைய செய்தி ஏன் அரிதாக இருக்கிறது என்ற கேள்விக்கு, குண்டலுபேட்டையிலிருந்து மைசூரு செல்லும் சுமார் 60 கிலோ மீட்டர் சாலையை ஒட்டியே விடையின் பெரும்பகுதி கிடைக்கிறது.

மஞ்சளுக்கும் செண்டுமல்லிக்கும் பெயர்பெற்ற குண்டலுபேட்டை, ஊட்டி செல்லும் சாலையும் கோழிக்கோடு செல்லும் சாலையும் பிரியும் ஊராகும். மைசூரு மாவட்டத்தில் இருந்த இந்த வட்டம், 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. இங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 766-ல் வடக்கே சென்றால் முதலில் நஞ்சன்கூடு வரும். நெஸ்லே இந்தியா நிறுவனத்தின் மேகி நூடுல்ஸ் தயாரித்த ஆலைகளுள் ஒன்று அங்கு உள்ளது. அதே சாலையில் மேலும் சென்றால் மைசூரு. அங்கு 1950 முதல் செலுவாம்பா மாளிகையில் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் (சிஎப்டிஆர்ஐ) ஆய்வகத்தில்தான், மேகி மீது மத்திய அரசு தொடர்ந்த ரூ.640 கோடி வழக்கின் போக்கு தீர்மானமானது.

தொடங்கியது லேபிளில்:

மேகி விவகாரம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது காரீயம். ஆனால் அது தொடங்கியது காரீயத்தில் அன்று. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் உள்ள ஒரு கடையில் 2014 மார்ச்சில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒரு மேகி பாக்கெட்டை மாதிரியாக எடுத்தனர். அதன் லேபிளில் மோனோசோடியம் குளூட்டமேட் (எம்எஸ்ஜி) சேர்க்கப்படவில்லை என்று அச்சிடப்பட்டிருந்தது. கோரக்பூர் ஆய்வகம் எம்எஸ்ஜி இருப்பதாக அறிக்கை அளித்தது. நிறுவனம் அதை மறுத்ததால் மாதிரி கொல்கத்தாவில் உள்ள மத்திய உணவு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. 2015-ல் அங்கிருந்து வந்த அறிக்கையில், எவரும் எதிர்பாராத வகையில், பத்து லட்சத்தில் 17.2 பங்கு காரீயம் இருப்பதாகக் கூறப்பட்டது. அனுமதிக்கப்பட்ட அளவு 2.5 பங்கு மட்டுமே.

அந்த நொடியில் வழக்கின் தன்மை மாறியது. 'உள்ளே இருப்பதை வெளியே சொன்னார்களா?' என்ற கேள்வி பின்னுக்குப் போய், 'உள்ளே இருப்பது நஞ்சா?' என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. 2015 ஜூன் 4-ல் தமிழ்நாடு அரசு மேகி உள்ளிட்ட நான்கு நிறுவனங்களின் நூடுல்ஸுக்கு மூன்று மாதத் தடை விதித்தது. மறுநாள் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், மேகியின் ஒன்பது வகைகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிட்டது. பல்லாயிரம் டன் நூடுல்ஸ் அழிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 13-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நிறுவனத்தின் விளக்கத்தைக் கேட்காமல் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது என்றும், சோதனை நடந்த ஆய்வகங்கள் சட்டப்படி உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்றும் நீதிபதிகள் வி.எம்.கனடே, பி.பி.கொலாபாவாலா அமர்வு கூறியது. நீதிமன்றம் குறிப்பிட்ட மூன்று ஆய்வகங்களில் 90 மாதிரிகள் சோதிக்கப்பட்டு, அனைத்திலும் காரீயம் வரம்புக்குள் இருப்பதாக முடிவு வந்தது. நஞ்சன்கூடு, மோகா, பிச்சோலிம் ஆலைகளில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. 2015 நவம்பரில் மேகி கடைகளுக்குத் திரும்பியது.

ரூ.640 கோடி வழக்கு:

தடை ரத்தான அதே ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகியது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 12(1)(டி) பிரிவின்படி, பெயர் தெரியாத கோடிக்கணக்கான நுகர்வோரின் சார்பில் அரசே மனுதாரராகலாம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அரசு பயன்படுத்தாமல் இருந்த பிரிவு அது. இழப்பீடாக ரூ.284.55 கோடி, தண்டத் தொகையாக ரூ.355.41 கோடி எனக் கோரப்பட்டது. முறையற்ற வணிக நடைமுறை, தவறான லேபிள், ஏமாற்றும் விளம்பரம் ஆகியவை குற்றச்சாட்டுகள்.

ஆணையம் 2015 டிசம்பரில் மேலும் 16 மாதிரிகளைச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவிட்டது. நெஸ்லே உச்ச நீதிமன்றம் சென்றது. டிசம்பர் 16-ல் ஆணையத்தின் விசாரணைக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றம், சோதனையைச் சென்னைக்குப் பதிலாக மைசூருவில் நடத்தச் சொன்னது. காரீயம் வரம்புக்குள் இருக்கிறதா, எம்எஸ்ஜி குறித்து என்ன சொல்ல முடியும் என்ற இரண்டையும் சிஎப்டிஆர்ஐ தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. காரீயத்துக்கு விடை கிடைத்தது: வரம்புக்குள் உள்ளது. எம்எஸ்ஜி விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை.

காரணம் வேதியியல். தக்காளி, வெங்காயம், கோதுமைப் புரதம் போன்றவற்றில் குளூட்டமேட் இயல்பாகவே உள்ளது. அது இயற்கையாக வந்ததா, தூளாகச் சேர்க்கப்பட்டதா என்பதைப் பாக்கெட்டை மட்டும் சோதித்துக் கண்டறிய முடியாது. இதை உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016 மார்ச் 31-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒப்புக்கொண்டது. எம்எஸ்ஜி சேர்க்கப்பட்டதா என்பதை ஆலைக்குள் சென்று ஆய்வு செய்தே அறிய முடியும் என்றும், லேபிளில் 'இல்லை' என்று அச்சிட்டுவிட்டு ஆலையில் சேர்ப்பது கண்டறியப்பட்டால் மட்டுமே நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அது அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது.

2019 ஜனவரி 3-ல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கி, மைசூரு அறிக்கையின் அடிப்படையில் விசாரணையைத் தொடருமாறு ஆணையத்திடம் கூறியது. காரீயம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று நிறுவனத் தரப்பு வாதிட்டபோது, காரீயம் உள்ள நூடுல்ஸை ஏன் சாப்பிட வேண்டும் என நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் கேட்டது அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் கேள்வி தீர்ப்பாகவில்லை. 2024 ஏப்ரல் 2-ல் தேசிய ஆணையம் அரசின் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நடந்த வழக்கில் நுகர்வோருக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. சோதனை முடிவுகளைப் பார்த்தால் நிறுவனத்தின் மீது பணம் சுமத்த முகாந்திரம் இல்லை என்பதும் உண்மையே. பொதுமக்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: மறைத்தார்களா என்ற முதல் கேள்வி, நஞ்சா என்ற இரண்டாம் கேள்வியின் நிழலிலேயே கடைசிவரை இருந்தது.

அமெரிக்காவில் வேறு கணக்கு:

அங்கு இந்த இரு கேள்விகளும் பிரித்துப் பார்க்கப்படுகின்றன. மாதவிடாய்க் கால உள்ளாடைகளை விற்கும் திங்க்ஸ் நிறுவனத்தின் வழக்கு இதற்கு நேரடியான எடுத்துக்காட்டு. தீங்கற்றது, இயற்கையானது என விளம்பரப்படுத்தப்பட்ட துணியில் 'பிஎஃப்ஏஎஸ்' எனப்படும், எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் இருந்ததாகப் பெண்கள் வழக்குத் தொடர்ந்தனர். யாருக்கேனும் நோய் வந்ததா என்பது அங்கு கேள்வியே அன்று. 'தெரிந்திருந்தால் இந்த விலைக்கு வாங்கியிருக்க மாட்டேன்' என்பதே வாதம். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தபடியே 2023-ல் 50 லட்சம் டாலர் வரை தருவதற்கு உடன்பட்டது. ரசீது வைத்திருந்த ஒருவருக்குக் கிடைத்தது ஓர் உள்ளாடைக்கு 7 டாலர், அதுவும் அதிகபட்சம் மூன்றுக்கு. தொகை சிறியது. ஆனால் நோயை நிரூபிக்க வேண்டிய சுமை வாங்கியவர் தலையில் விழவில்லை.

ஜான்சன் அண்ட் ஜான்சன் முகப்பூச்சுப் பவுடர் வழக்குகளில் இந்த இரு பாதைகளும் அருகருகே ஓடுகின்றன. பவுடரில் கல்நார் கலந்திருந்ததால் புற்றுநோய் வந்ததாகக் கூறுவோரின் வழக்குகளை ஒட்டுமொத்தமாக முடிக்க, துணை நிறுவனத்தைத் திவாலாக்கும் வழியில் அந்நிறுவனம் முன்வைத்த பல நூறு கோடி டாலர் திட்டத்தை 2025 மார்ச் 31-ல் நீதிமன்றம் நிராகரித்தது. அதற்கு முன்பே, 2024 ஜூனில், பவுடரின் பாதுகாப்பு குறித்து மக்களைத் தவறாக நம்ப வைத்ததாக 42 மாநிலங்களும் வாஷிங்டன் நகரமும் எழுப்பிய புகாரை, தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 70 கோடி டாலருக்கு அது முடித்துக்கொண்டது. புற்றுநோய் வழக்கு முடியவில்லை. விளம்பர வழக்கு முடிந்தது.

இந்த உடன்பாடுகளில் மிகவும் யோசித்து வடிவமைக்கப்பட்டது டூபான்ட் வழக்கில் ஏற்பட்டது எனலாம். ஒட்டாத பாத்திரங்களின் டெஃப்லான் பூச்சு தயாரிப்பில் பயன்பட்ட 'பிஎஃப்ஓஏ' என்ற ரசாயனம், மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே உள்ள ஆலையிலிருந்து சுற்றுவட்டாரக் குடிநீரில் கலந்தது. கால்நடை வளர்ப்பவர் ஒருவருக்காக வாதாடிய வழக்கறிஞர் ராபர்ட் பிலட், நீதிமன்ற உத்தரவின் மூலம் நிறுவனத்தின் உள் ஆவணங்களை மூட்டை மூட்டையாகப் பெற்றார். நிறுவனம் அறிந்திருந்தது என்ன, வெளியில் சொன்னது என்ன என்பது அந்தத் தாள்களில் இருந்தது. தகவலை மறைத்ததற்காக மட்டும் 2005-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையிடம் டூபான்ட் 1.65 கோடி டாலருக்கு உடன்பட்டது.

மக்கள் வழக்கில் ஏற்பட்ட உடன்பாடு இன்னும் விநோதமானது. நோய்க்கும் ரசாயனத்துக்கும் தொடர்பு உண்டா என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. எனவே அதை முடிவு செய்ய, இரு தரப்பும் ஏற்ற அறிவியலாளர் குழு ஒன்றை நிறுவனத்தின் செலவிலேயே அமைத்தனர். ஏறத்தாழ 69,000 பேர் இரத்த மாதிரி கொடுத்தனர். 2012-ல் முடிந்த ஆய்வு, ஆறு நோய்களுடன் தொடர்பு இருக்க வாய்ப்புண்டு என்றது. அதை எதிர்த்து வாதிட நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்பது முன்கூட்டியே எழுதப்பட்ட நிபந்தனை. 2017-ல் சுமார் 3,550 பேரின் வழக்குகள் 67.1 கோடி டாலரில் முடிந்தன. மைசூரு ஆய்வகத்திடம் கேட்கப்பட்டது சில பாக்கெட்டுகளில் உள்ள அளவு. பார்க்கர்ஸ்பர்க் குழுவிடம் கேட்கப்பட்டது மனித உடல்களில் நேர்ந்தது. இரண்டையும் ஒரே 'ஆய்வறிக்கை' என்ற சொல்லால் குறிப்பது பொருந்தாது.

இந்தியர்களுக்குச் சொந்தமான நிறுவனங்களும் அங்கு இந்த அனுபவத்துக்குத் தப்பவில்லை. தலைமுடியை நேராக்கும் பூச்சுகளால் புற்றுநோய் வந்ததாகக் கூறி, டாபர் குழுமத்தின் நமஸ்தே லேபரட்டரீஸ் உள்ளிட்ட துணை நிறுவனங்கள் மீதும் வேறு சில நிறுவனங்கள் மீதும் அமெரிக்காவில் சுமார் 5,400 வழக்குகள் இருப்பதாக 2023 அக்டோபரில் டாபர் பங்குச்சந்தைக்குத் தெரிவித்தது. அவை நிரூபிக்கப்படாத ஆய்வை அடிப்படையாகக் கொண்டவை என்பது டாபரின் வாதம்.

கொடைக்கானலில் ஓர் உடன்பாடு:

தமிழ்நாட்டில் உடன்பாடே நடந்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொடைக்கானலில் இருந்த பாதரச வெப்பமானி ஆலை, அங்கிருந்து வெளியேறிய பாதரசக் கழிவு பழைய பொருள் கடையில் கண்டுபிடிக்கப்பட்டதை அடுத்து 2001-ல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டதாகக் கூறிய முன்னாள் தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். பாதிப்புக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று கூறிவந்த இந்துஸ்தான் யூனிலீவர், 2016 மார்ச்சில் மனிதாபிமான அடிப்படையில் என்று குறிப்பிட்டு 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் குடும்பத்தினருடனும் உடன்பாடு செய்துகொண்டது. தொகை வெளியிடப்படவில்லை.

இவர்கள் பொருளை வாங்கியவர்கள் அல்லர், செய்தவர்கள். பத்தாண்டு வழக்கு நடத்தும் அளவுக்கு ஒன்றுபட்டவர்கள், பெயரும் முகவரியும் உள்ளவர்கள். நூடுல்ஸ் வாங்கிய கோடிக்கணக்கானவர்களுக்கு அத்தகைய சங்கம் கிடையாது.

சட்டம் எங்கே தடுக்கிறது?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'பொருள் பொறுப்பு' என்ற புதிய அத்தியாயத்தைக் கொண்டுவந்தது. போதிய எச்சரிக்கை தராத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 84-வது பிரிவு. ஆனால் 'தீங்கு' என்பதற்கான வரையறை உடல் காயம், நோய், மரணம், பிற சொத்துச் சேதம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. வெறும் பண இழப்பு அதில் சேராது. அதாவது திங்க்ஸ் வழக்கின் வாதம் இந்த அத்தியாயத்துக்குள் நுழைய முடியாது. அதை முறையற்ற வணிக நடைமுறை என்ற பிரிவில்தான் கொண்டுவர வேண்டும்.

பல நுகர்வோர் ஒன்று சேர்ந்து வழக்குத் தொடர 35(1)(சி) பிரிவு வழி செய்கிறது. ஆணையத்தின் அனுமதியும், அனைவருக்கும் ஒரே நலன் இருப்பதும் அவசியம். அரசு சார்பில் புகார் கொண்டுபோக 2020 முதல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் உள்ளது. பாதிக்கப்பட்டோரை எளிதில் அடையாளம் காண முடியாதபோது, குறைபாடுள்ள பொருளின் மதிப்பில் குறைந்தது 25 சதவீதத்தைச் செலுத்த உத்தரவிடலாம். பழைய சட்டத்தில் இது 5 சதவீதமாக இருந்தது.

சமரசம் என்று வரும்போதுதான் கதவு சாத்தப்படுகிறது. புதிய சட்டம் ஆணையங்களில் சமரச மையங்களை ஏற்படுத்தியது. ஆனால் 2020-ல் வந்த சமரச விதிகளின் 4-வது விதி, பொதுநலன் சார்ந்த வழக்குகளையும், ஆணையத்தின் முன் தரப்பினராக இல்லாத பலருடைய நலன் அடங்கிய வழக்குகளையும் சமரசத்துக்கு அனுப்பக் கூடாது என்கிறது. நோக்கம் நல்லதே: யாரோ இருவர் பேசி முடித்து, அறியாத ஆயிரம் பேரின் உரிமையை விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. ஆனால் அமெரிக்கப் பாணி உடன்பாடு என்பதே அறியாத பல்லாயிரம் பேருக்காகச் செய்யப்படுவது. அங்கு ஒவ்வொருவருக்கும் அறிவிப்பு கொடுத்து, விலகிக்கொள்ள வாய்ப்பளித்து, நியாயமானதா என நீதிபதி சோதித்த பிறகே அது செல்லும். இங்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், பலர் சார்பான வழக்கில் நீதிமன்ற அனுமதியின்றி சமரசம் கூடாது என்ற விதி உள்ளது. அனுமதியுடன் செய்யலாம் என்பதே அதன் மறுபக்கம். அந்த மறுபக்கத்துக்கு நுகர்வோர் சமரச விதிகளில் இடம் தரப்படவில்லை.

ஆவணங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரம் நுகர்வோர் ஆணையங்களுக்கும் உண்டு. ஆயினும் மேகி வழக்கின் மையத்தில் நின்றது ஆலையின் தாள்கள் அல்ல, ஆய்வகத்தின் தாள்.

குண்டலுபேட்டையில் ஒருவர் சந்தேகப்பட்டால்:

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, அதிகாரி அல்லாத சாதாரண வாடிக்கையாளரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை மட்டும் மளிகைக் கடை வாசலிலேயே பலரைத் தடுத்துவிடும்: சோதனைக்குக் கொடுக்கப் போவதாக, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சமைத்த பிறகு எழும் சந்தேகத்துக்கு இந்தப் பிரிவு உதவாது.

அப்போது மிஞ்சுவது நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால், குண்டலுபேட்டைவாசிக்குச் சாமராஜநகர் மாவட்ட ஆணையம் போதும். ஊட்டி செல்லும் வழியில் இங்கு வாங்கிய தமிழ்நாட்டுப் பயணி, தம் சொந்த மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிட்டால், அதற்கான செலவை முதலில் புகார்தாரரே கட்ட வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்வது நல்லது. லேபிள் தவறு என்று மட்டும் நிரூபணமானால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி ரூ.3 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் வாங்கியவரிடம் வராது.

லேபிளே இல்லாத பொருட்களுக்கு இவற்றில் பலவும் பொருந்தாது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்ததும், மார்ச்சில் கர்நாடகம் பஞ்சுமிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் செயற்கை நிறமிகளைத் தடை செய்ததும் ரோடமைன்-பி போன்ற சாயங்கள் சோதனையில் சிக்கிய பின்னரே. தள்ளுவண்டியில் விற்பவரிடம் கோடிகளில் உடன்பாடு பேச எவரும் இல்லை. அங்கு அதிகாரியின் சோதனை ஒன்றே பாதுகாப்பு.

பாக்கெட்டில் விற்கும் பொருள் குறித்துப் புகார் அளிக்க விரும்புவோர் பில், தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி அச்சிட்ட உறை ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, பிரிக்காத இன்னொரு பாக்கெட்டையும் அதே தொகுதியிலிருந்து வாங்கி வைத்துக்கொள்வது பயன்தரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். வழக்காகத் தொடர விரும்பினால், 2025 ஜனவரி முதல் செயல்படும் 'இ-ஜாக்ருதி' இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.